பல் பிடிக்கும் இடம்: ஒரு பிட்டரின் மகன் எழுதும் நீலகிரி மலை ரயில் மதிப்புரை

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்குச் செல்லும் மலை ரயிலில் குன்னூர்க்காரர்கள் அதிகம் பயணம் செய்வதில்லை. பேருந்து விரைவாகப் போய்விடும், சீட்டும் எளிதில் கிடைக்கும் என்பதால், எங்கள் ஊரில் நாள்தோறும் வந்து நின்று மூச்சு விட்டுப் போகும் அந்த வண்டி எங்களில் பலருக்குக் காதால் மட்டுமே பழகியதாகிவிட்டது. என் தந்தை குன்னூர் லோகோ ஷெட்டில், அதாவது ரயில் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் கூடத்தில், 34 ஆண்டுகள் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்ஜினோடு ஏறிச் சென்று வழியில் பழுது நீக்கிவிட்டு வந்திருக்கிறாரே தவிர, சீட்டு எடுத்து, இருக்கையில் அமர்ந்து, முழுத் தொலைவும் போய் வந்ததில்லை. அவருக்கு இப்போது 76 வயது. கடந்த மாசி மாதத்தில் அவரை அழைத்துக்கொண்டு முதல் நாள் மாலையே பேருந்தில் மேட்டுப்பாளையம் இறங்கி, ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் காலை மலை ரயில் ஏறினேன். இந்த மதிப்புரை அந்த ஒரு நாள் பயணத்தைப் பற்றியது.

முதலில், புதிதாக வருபவர்களுக்குத் தேவையான விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். வண்டி காலை 7.10 மணிக்குப் புறப்படுகிறது. சென்னையிலிருந்து இரவு முழுவதும் ஓடிவரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வந்து சேர்வதால், தொலைவிலிருந்து வருபவர்கள் அகலப்பாதை வண்டியை விட்டு இறங்கி, அதே நிலையத்திலேயே மீட்டர் பாதை வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். மொத்தத் தொலைவு சுமார் 46 கிலோமீட்டர் தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,200 மீட்டர் உயரத்தில் முடியும் பாதை என்பதால், ஏறுவதற்கு நான்கே முக்கால் மணி நேரத்துக்கு மேலும், இறங்குவதற்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். முன்பதிவு இருக்கைகள் திறந்தவுடனே தீர்ந்துவிடுகின்றன. கோடை விடுமுறையிலும் வார இறுதிகளிலும் கடைசி நேரத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பி வரவேண்டாம். பழைய பெட்டிகளின் அமைப்பு சிறியது. கால் நீட்டி உட்கார இயலாது, பெரிய பயணப்பெட்டிகளை வைக்க இடமில்லை, கழிப்பறையும் கிடையாது. குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்து வருபவர்கள் புறப்படுவதற்கு முன்பும், வண்டி நிற்கும் நிலையங்களிலும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, எந்தப் பெட்டி என்ற கேள்வி. என் தந்தை ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: கிடைக்கும் இருக்கைகளில் எது வண்டியின் மேல் முனைக்கு அருகில் இருக்கிறதோ அதில்தான் அமர வேண்டும். காரணம் எளியது. இந்தப் பாதையில் ஏறும்போது இன்ஜின் வண்டிக்கு முன்னால் இருந்து இழுப்பதில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து முனையில், அதாவது கீழே இருந்துகொண்டு, பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. இறங்கும்போதும் அதே முனையில் இருந்துகொண்டு வண்டியின் எடையைத் தாங்கிப் பிடித்தபடி இறக்குகிறது. இணைப்பு ஏதேனும் விட்டுப்போனாலும் பெட்டிகள் தாமாக மலையில் உருண்டு போகாமல் இன்ஜின் தடுத்து நிற்கும் என்பதே இதற்கான ஏற்பாடு. ஆகவே மேல் முனைப் பெட்டியில் அமர்ந்தவருக்குப் பாதை முழுவதும் தடையின்றித் தெரியும். அதைவிடச் சிறப்பு என்னவென்றால், அந்தப் பெட்டியின் முகப்பு மேடையில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிரேக்ஸ்மேனின் வேலையை மிக அருகிலிருந்து பார்க்க முடியும்.

பின்னால் இருக்கும் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. பாறை விழுந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்பதை முகப்பில் நிற்பவர்தான் பார்த்துக் கொடி காட்ட வேண்டும். அதைப் பெட்டி பெட்டியாக நிற்கும் மற்ற பிரேக்ஸ்மேன்கள் பின்னோக்கிக் கடத்த வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெட்டிக்கான கைத்தடை இருக்கிறது. ஓட்டுநர் விசில் கொடுத்தால் அதற்கேற்ப அதை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். இந்த வேலைக்கு இயந்திரம் மாற்றாக வந்துவிடவில்லை. நான் பயணம் செய்த அன்று எங்கள் பெட்டியில் நின்ற இளைஞர் நான்கு மணி நேரத்துக்கு மேலாக ஒருமுறைகூடப் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் அவரைத் தங்கள் படத்தில் விழாதபடி சற்று விலகச் சொன்னபோது அவர் பொறுமையாக மறுத்தார். எனக்கு மனம் வருந்தியது. படம் எடுப்பவர்களுக்கு அவர் யார், எதற்காக அங்கே நிற்கிறார் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவரை விலகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பவானி ஆற்றைக் கடந்து, பாக்குத் தோப்புகளின் நடுவே, வண்டி சாதாரண ரயிலைப் போலவே ஓடுகிறது. இந்தப் பகுதியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை செல்லலாம். கல்லாற்றில், மங்குஸ்தான் விளையும் அரசுப் பழப்பண்ணைக்கு அருகில், வேகம் குறைந்து வண்டி நடை போடத் தொடங்கும்போது என் தந்தை என் முழங்கையைத் தொட்டார். "பேசாத, கேளு" என்றார். தண்டவாளத்தின் நடுவே கிடந்த, பற்கள் கொண்ட இரும்புச் சட்டமான பல்சட்டத்தில் இன்ஜினின் பல்சக்கரம் ஏறும்போது, அடிவயிற்றிலிருந்து எழும் ஓர் அதிர்வு பெட்டிகளின் வழியாக எங்கள் காலடிக்கு வந்து சேர்ந்தது. "பல்லு பிடிச்சிடுச்சு" என்றார். ஷெட்டில் எல்லோரும் அந்த இடத்தைப் பல் பிடிக்கும் இடம் என்றுதான் சொல்வார்களாம். சக்கரமும் சட்டமும் சரியாகப் பொருந்தியதா என்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லாததால், காதால் கேட்டே உறுதி செய்துகொள்வது பழக்கம் என்றார்.

அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 19 கிலோமீட்டர் தொலைவுக்கு அந்தப் பல்சட்டம் தொடர்கிறது. 12 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறும் அளவுக்குச் சரிவு இருப்பதால், வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம் மட்டும் உருண்டு ஏற முடியாது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர் வகுத்த முறை இங்கே பயன்படுகிறது: பக்கத்தில் பக்கமாக இரண்டு சட்டங்கள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். இதனால் எந்த நொடியிலும் ஒரு பல்லாவது முழுப் பிடியில் இருக்கும். இன்ஜினிலும் அதற்கேற்ற இரட்டை ஏற்பாடு உண்டு. நான்கு சிலிண்டர்களில் கீழே இருக்கும் இரண்டு சாதாரண சக்கரங்களை ஓட்டுகின்றன. அங்கே ஒருமுறை வேலை செய்து அழுத்தம் குறைந்த நீராவி, வீணாக வெளியேறாமல் மேலே இருக்கும் இரண்டு சிலிண்டர்களுக்குச் சென்று பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சமவெளியில் இரண்டு கைகளால் செய்த வேலையை மலையில் நான்கு கைகளால் செய்வது போல என்று என் தந்தை எனக்குச் சிறுவயதில் விளக்கியிருக்கிறார். அதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது.

இந்தப் பாதையை அமைத்தவர்கள் பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். மலைக்கு ரயில் வேண்டும் என்ற யோசனை 1854-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. 1882-இல் பல்சட்டப் பாதைகளின் முன்னோடியான நிக்கோலாஸ் ரிக்கன்பாக் சுவிட்சர்லாந்திலிருந்து நேரில் வந்தார். 1885-இல் ஒரு நிறுவனம் அமைந்து, 1891-இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டித் தொடங்கி வைத்த பணி, மூன்றே ஆண்டுகளில் பணம் தீர்ந்து நின்றது. 1896-இல் உருவான புதிய நிறுவனம் அதை வாங்கி முடித்து, 1899 ஜூன் 15 அன்று குன்னூர் வரை வண்டியை ஓட்டியது. உதகை வரை நீள்வதற்கு மேலும் ஒன்பது ஆண்டுகள், 1908 அக்டோபர் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் ரயில் முடியும் ஊராகக் குன்னூர் இருந்ததன் அடையாளம் நிலைய அமைப்பிலேயே இன்றும் நிற்கிறது. உதகைக்குச் செல்லும் வண்டி குன்னூரிலிருந்து நேராக மேலேறிவிடாது; சிறிது தொலைவு பின்னோக்கி வந்து, பிறகுதான் மேல் பாதையில் ஏறும். பயணிகள் பலர் வண்டி திரும்பிப் போகிறதோ என்று திகைத்து எட்டிப் பார்ப்பதை அன்றும் பார்த்தேன்.

ஹில்குரோவ் நிலையம் இந்தப் பயணத்தின் நெஞ்சம் என்று நான் சொல்வேன். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்ட நிலையில், காட்டின் நடுவே, இன்ஜின் தண்ணீர் பிடிப்பதற்காக வண்டி நிற்கிறது. பயணிகள் இறங்கித் தேநீரும் வடையும் வாங்குகிறார்கள். குரங்குகள் அந்த வடைக்காகக் காத்திருக்கின்றன. என் தந்தை தேநீர் வாங்கவில்லை. அவர் நேராக வண்டியின் வால் பக்கம் நடந்து இன்ஜினுக்கு அருகில் போய் நின்றார். தண்ணீர் இறங்கும் ஓசையையும் அடியில் சொட்டும் எண்ணெயையும் பார்த்தபடி நின்ற அவரை அங்கிருந்த பணியாளர் ஒருவர் சற்று நேரம் கவனித்துவிட்டு, "ஐயா, நீங்க ஷெட்டுல இருந்தவங்களா?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்று நான் பின்னர் அந்தப் பணியாளரிடம் கேட்டேன். எல்லோரும் இன்ஜினின் புகைபோக்கியைப் பார்ப்பார்கள், ஐயா கீழே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் சொன்னார்.

அங்கே நின்ற அந்தச் சில நிமிடங்களில் என் தந்தை பேசியவை எங்கள் வீட்டில் இதுவரை நான் கேட்டறியாதவை. நிலக்கரி எரித்த காலத்தில், இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன்கள் கல்லாற்றில் ஏறும்போதே நெருப்பின் நிறத்தைப் பார்த்து அன்றைய கரியின் தரத்தைச் சொல்லிவிடுவார்களாம். தரம் குறைந்த கரி வந்த நாள்களில் அழுத்தம் இறங்கி, நடுக்காட்டில் வண்டியை நிறுத்தி, நீராவி திரளும் வரை காத்திருந்து, பிறகு ஏறியதுண்டாம். அப்போதெல்லாம் பயணிகள் இறங்கி நடப்பார்கள், வண்டி பின்னால் வந்து அவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்றார். பல்சட்டப் பகுதியில் வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவுதான் என்பதால் இது நம்பத்தக்கதே. 2002-இல் முதல் இன்ஜின் எண்ணெய் எரிப்பதற்கு மாற்றப்பட்டபோது ஷெட்டில் இருந்தவர்களுக்கு அது ஒரு நிம்மதியாகவும் அதே சமயம் ஓர் இழப்பாகவும் இருந்ததாம். நிம்மதி, கரி அள்ளிப் போட்டு இடுப்பொடிந்தவர்களுக்கு. இழப்பு, நெருப்பைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. ரயில்வே குடியிருப்பில் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளில் கரித்துகள் படிந்ததற்காக என் தாய் கடிந்துகொண்டது எனக்கே நினைவிருக்கிறது. மாலையில் வண்டி போன ஓசை கேட்ட பிறகுதான் துணி உலர்த்துவார்.

மழைக்கால நினைவுகளைத் தந்தை அதிகம் பேசவில்லை. பேசியதைச் சுருக்கமாகவே தருகிறேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை இந்த மலையில் இறங்கும்போது மண்சரிவு ஏற்படாத ஆண்டு அரிது. 1993-இலும் 2009-இலும் நீலகிரியில் நேர்ந்த பெரும் சரிவுகளை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. வண்டி ஓடாத நாள்களிலும் கேங்மேன்கள் ஓய்ந்திருக்க முடியாது. விளக்கையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு, அட்டை கடிக்கும் ஈரக்காட்டில், யானைத்தடம் பார்த்து, பாதையை நடந்தே சோதிக்க வேண்டும். "நாங்க இன்ஜினைப் பார்த்தோம், அவங்க மலையைப் பார்த்தாங்க" என்றார். இந்தப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. அந்த மாதங்களில் வண்டி ரத்தாவது பணியாளர்களின் குறை அன்று. சரிந்த மண்ணை அள்ளி, அந்தரத்தில் தொங்கும் தண்டவாளத்துக்கு அடியில் மீண்டும் தளம் கட்டும் வேலை எத்தனை கடினமானது என்பதைப் பார்த்தவர்கள் ரத்துச் செய்தியைக் கண்டு கோபப்பட மாட்டார்கள்.

ரன்னிமேடில் மீண்டும் தண்ணீர் பிடித்து, சுரங்கங்களையும் பாலங்களையும் கடந்து வண்டி மேலேறுகிறது. முழுப் பாதையிலும் 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுரங்கத்திலும் பயணிகள் கூச்சலிடுவதை ரசிப்பதா வருந்துவதா என்பது அவரவர் வயதைப் பொறுத்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இந்தப் பகுதியின் இயற்கை அழகைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் நான் அதில் நிற்கவில்லை.

காலை பத்தரை மணி வாக்கில் குன்னூர் வந்து சேர்கிறோம். இங்கே பல்சட்டம் முடிகிறது. நீராவி இன்ஜின் கழற்றப்பட்டு டீசல் இன்ஜின் பூட்டப்படுகிறது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. சென்ற ஆண்டு கரூரிலிருந்து வந்த என் தங்கையின் குடும்பத்தாரிடம் ஒரு பயண முகவர், உதகை வரை நீராவி இன்ஜின்தான் செல்லும் என்று உறுதி சொல்லிப் பணம் வாங்கியிருந்தார். குன்னூரில் டீசல் பூட்டப்பட்டதைப் பார்த்து அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். உண்மையை முன்னரே சொல்லியிருந்தால், அதே பிள்ளைகள் குன்னூர் நடைமேடையில் இறங்கி நின்று, இன்ஜின் மாறும் அந்த அருமையான நிகழ்வை ஆவலோடு பார்த்திருப்பார்கள். நீராவிக்காகவே வருபவர்கள் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான பகுதிக்கே சீட்டு எடுக்க வேண்டும். குன்னூரிலிருந்து உதகைக்கு மட்டும் செல்லும் வண்டிகளில் ஏறிவிட்டு ஏமாற வேண்டாம்.

கழற்றப்பட்ட இன்ஜின் ஷெட்டுக்குள் போவதை என் தந்தை நின்று பார்த்தார். அது பிற்பகல் மூன்று மணி வாக்கில் இறங்கு வண்டியைப் பிடிக்க வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் சரிபார்த்தாக வேண்டிய அந்த இடைவெளிதான் அவருடைய 34 ஆண்டுப் பணிவாழ்க்கை. காலையில் இன்ஜின் உள்ளே வரும் ஓசையை வைத்தே எங்கே தேய்மானம் என்று ஊகித்து, கருவிகளை எடுத்து வைத்துக்கொள்வார்களாம். இந்த எக்ஸ் வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. முதல் தொகுதி 1914-இலும் கடைசித் தொகுதி 1952-இலும் வந்தவை. உதிரிப் பாகங்களை எங்கிருந்தும் வாங்க இயலாத காலத்தில், பல பாகங்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் குன்னூர் ஷெட்டிலுமே செய்து பொருத்தியிருக்கிறார்கள். பொன்மலையில் 2011 முதல் புதிய எக்ஸ் வகை இன்ஜின்களையே கட்டத் தொடங்கினார்கள் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. ஒரு நூற்றாண்டுக்கு முன் வெளிநாட்டில் வரைந்த வரைபடத்தை வைத்து, இங்குள்ள தொழிலாளர்கள் புதிதாக ஒரு நீராவி இன்ஜினைச் செய்து ஓட விட்டிருக்கிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையில் பாதியாவது இந்தக் கைகளுக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து.

அன்று குன்னூர் நடைமேடையில் நான் எதிர்பாராத ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து வந்திருந்த, என் தந்தையை ஒத்த வயதுடைய ஒருவர், ஷெட்டை நோக்கிப் போகும் இன்ஜினைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரயில் ஆர்வலர் மட்டுமல்லர். பைக்ஸ் பீக் மலைக்குப் போகும் பல்சட்டப் பாதையில் இளமையில் வேலை பார்த்தவர். மானிட்டு ஸ்பிரிங்ஸ் என்ற மலையடிவார ஊரிலிருந்து 4,302 மீட்டர் உயரமுள்ள சிகரத்துக்கு 1891-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையும் ரோமன் ஆப்ட் முறையிலேயே அமைந்ததாம். இங்கே வென்லாக் பிரபு மண் வெட்டிய அதே ஆண்டில் அங்கே வண்டி சிகரம் தொட்டிருக்கிறது. 2017-இல் அந்த வண்டி நின்றது. 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது பாதை முழுவதும் புதுப்பிக்கப்பட்டு, ஆப்ட் சட்டத்தின் இடத்தில் வேறு வகைச் சட்டம் இடப்பட்டுவிட்டது. தான் இளமையில் கேட்ட பற்களின் ஓசை தன் ஊரில் இனி இல்லை என்பதால், அதைக் கேட்கவே இங்கே வந்ததாகச் சொன்னார்.

என் தந்தைக்கு ஆங்கிலத்தில் உரையாடத் தெரியாது. ஆனால் பினியன் (பல்சக்கரம்), ரேக் (பல்சட்டம்), பேண்ட் பிரேக், வால்வ், பேரிங் என்று அவர் தொழிலின் சொற்கள் அனைத்தும் ஆங்கிலமே. அவற்றைக் கொண்டும் கைகளைக் கொண்டும் இருவரும் பேசினார்கள். இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்கொன்று இடையில் நுழைத்து ஒரு பல் தேய்ந்தால் எப்படி உறுமும் என்பதை என் தந்தை காட்ட, அவர் தலையசைத்துத் தொண்டையில் ஓர் ஓசை எழுப்பிக் காட்டினார். அதுவேதான் என்று என் தந்தை அவர் தோளைத் தட்டினார். தன் ஊரில் ஒரே நாளில் சிகரத்தில் பனிப்புயலும் அடிவாரத்தில் வெயிலும் இருக்கும் என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். பாதையில் யானை நிற்கும் என்று என் தந்தை சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்தேன். மற்றவற்றுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

குன்னூரிலிருந்து உதகை வரையிலான பகுதி அழகானது, எளிதானது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் ஒன்றையொன்று தொட்டாற்போல் வருகின்றன. கேத்திப் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பெட்டியின் சன்னலில் நெடுநேரம் நிற்கின்றன. உள்ளூர் மக்கள் ஏறி இறங்குவதால் வண்டியில் ஊர்ப்பேச்சு கேட்கத் தொடங்கும். நண்பகல் வாக்கில் உதகையில் இறங்கியதும் நிலையத்துக்கு அருகிலேயே தேநீரும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு, வேறெங்கும் போகாமல் இரண்டு மணி வண்டிக்குக் காத்திருந்தோம்.

இந்தச் சேவையில் நான் வேண்டுவது ஒன்றுதான். ஏறும் வழியில், தண்ணீர் பிடிக்க நிற்கும் நிமிடங்களிலாவது, ஓய்வு பெற்ற ஓர் ஓட்டுநரோ பிரேக்ஸ்மேனோ பிட்டரோ பயணிகளிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்ய வேண்டும். பல் பிடிக்கும் ஓசை எங்கே கேட்கும், கொடி எதற்கு, இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது என்ற மூன்று செய்திகள் தெரிந்தாலே பயணம் வேறாகிவிடும். மேட்டுப்பாளையம் நிலைய வளாகத்தில் மலை ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பொருள்களைப் பார்க்கலாம். பொருள்களைப் பயன்படுத்தியவர்களின் பேச்சு வேறு. குன்னூரின் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து ஓய்வு பெற்றுப் போனவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். என் தந்தையோடு ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்களில் இன்று நடமாடும் நிலையில் இருப்பவர் ஒருவரே. அவர்கள் பாலக்காடு ரயில்வே கோட்டத்தின் கீழ் வேலை பார்த்தவர்கள். 2007-இல் சேலம் கோட்டம் உருவாகி இந்தப் பாதை அதன் கீழ் வந்தபோது பெரும்பாலோர் ஓய்வை நெருங்கியிருந்தார்கள். அவர்களுடைய நினைவுகளை இப்போதே ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும் என்பதை நான் வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

திரும்பும் வழியில் எங்கள் வீடு இருக்கும் குன்னூரில் இறங்கிவிடலாம் என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். சீட்டு எடுக்கும்போதே மேட்டுப்பாளையம் வரை எடுக்கச் சொன்னவர் என் தந்தை. இறங்கும்போதுதான் வேலையே இருக்கிறது என்றார். அது உண்மை. ஏறும்போது வண்டியின் எடை இன்ஜினை எதிர்க்கிறது. இறங்கும்போது அந்த எடை முழுவதும் இன்ஜினின் மேல் சாய்கிறது. அப்போது சிலிண்டர்களுக்குள் காற்றை அடைத்து, அந்த எதிர் அழுத்தத்தையே தடையாகப் பயன்படுத்துகிறார்கள். 1882-இல் இந்த மலைக்கு வந்துபோன ரிக்கன்பாக் கண்டறிந்த முறை அது. அவருடைய பல்சட்டம் இங்கே இடம்பெறவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஆப்டின் சட்டமே இடம்பெற்றது. ஆனால் இறக்கத்தில் வண்டியைத் தாங்கும் முறை ரிக்கன்பாக் தந்தது. விசில் ஒலிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியிலும் கைத்தடை திரும்பும் ஓசை மேலிருந்து கீழாக வரிசையாகக் கேட்டது. காலையில் கண்ட அதே இளைஞர் இப்போது எங்களுக்கு அடுத்த பெட்டியில் நின்றிருந்தார். "தம்பி, மெதுவா விடு, கடைசிச் சுத்துல கை வழுக்கும்" என்று என் தந்தை சொல்ல, "சரிங்க ஐயா" என்று அவர் சிரித்தார்.

கல்லாற்றில் பல் விட்டது. பெட்டி ஒருமுறை தளர்ந்து, பிறகு இலகுவாக ஓடத் தொடங்கியது. மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தரை மணியைத் தாண்டியிருந்தது. குன்னூர்ப் பேருந்துக்கு நேரமாகிறது என்று நான் சொன்னேன். இன்ஜினைக் கழற்றும் வரை நிற்போம் என்றார். நின்றோம்.